‘நானும் வரேன்’ பட்டனுக்குப் பின்னால்

பதினோராயிரம் பேர். ஒரே நாளில். யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டவில்லை, ஒரு துண்டுப் பிரசுரம்கூட அச்சடிக்கவில்லை!

2015 மார்ச் 9. ஆப்பிள் நிறுவனத்தின் மேடையில் புதுக் கைக்கடிகாரத்தை எல்லோரும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்த அதே நிகழ்ச்சியில், ‘ரிசர்ச்கிட்’ என்று ஒரு சமாசாரத்தையும் சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்டார்கள். மருத்துவ ஆய்வுக்கு ஆள் சேர்க்கவும், சேர்ந்தவர்களிடம் தகவல் வாங்கவும் ஐபோனையே கருவியாக்கும் மென்பொருள் அது. கூடவே ஐந்து ஆப்கள்: இதயம், பார்க்கின்சன், ஆஸ்துமா, சர்க்கரை, மார்பகப் புற்று. இதயத்துக்கான ‘மைஹார்ட் கவுன்ட்ஸ்’ ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிள்ளை. மறுநாள் அதன் கணக்கைத் திறந்து பார்த்தால், பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள்! வழக்கமான பாணியில் பத்தாயிரம் பேரைச் சேர்க்க நாடு முழுக்க ஐம்பது மருத்துவ மையங்களும் ஒரு வருஷமும் பிடிக்கும் என்று அந்தக் குழுவின் ஆலன் யுங் அப்போது சொன்னார். அவர் குரலில் எவ்வளவு குதூகலம் இருந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

நமக்குத் தெரிவதெல்லாம் ஃபேஸ்புக்கில் விரல் தள்ளும்போது வந்துபோகும் ஒரு விளம்பரம்: ‘உங்களுக்கு முழங்கால் வலியா? ஆய்வில் பங்கேற்க இங்கே தட்டவும்.’ தட்டினால் நாலு கேள்வி, ஒரு நன்றி. அவ்வளவுதானே? அவ்வளவுதான் இல்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு சினிமா ஷூட்டிங்கே நடக்கிறது. வாங்க, எட்டிப் பார்க்கலாம்.

முதல் ஆச்சரியம், அந்த விளம்பரத்தை எழுதியவர் தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்க முடியாது. ஷாம்பு விளம்பரத்துக்குக் கிடைக்கும் சுதந்திரத்தில் கால்வாசிகூட இங்கே கிடையாது. ஆய்வுக்கு ஆள் சேர்க்கும் ஒவ்வொரு வாசகமும், ஒவ்வொரு படமும் எத்திக்ஸ் கமிட்டியின் மேஜைக்குப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கென்றே வழிகாட்டுக் குறிப்பு வைத்திருக்கிறது. படித்தால் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும். ‘புதிய சிகிச்சை’ என்று மொட்டையாகப் போடக் கூடாது. இது இன்னும் சோதனையில் இருக்கும் பொருள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நிரூபணமான, உயர்ந்த மருந்து என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களாம். ‘இலவச மருத்துவம்’ என்று ஆசை காட்டக் கூடாது, நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது மட்டும்தான் விஷயமென்றால். பங்கேற்பவருக்குப் பணம் தரப்படும் என்று சொல்லலாம். ஆனால் அந்தத் தொகையைக் கொட்டை எழுத்திலோ தடித்த எழுத்திலோ போட்டுக் கண்ணைப் பறிக்கக் கூடாது!

ஆக, விளம்பரக்காரனின் பெட்டியில் இருக்கும் நல்ல நல்ல ஆயுதங்களையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டு, ‘இப்போ ஆளைக் கூட்டி வா’ என்கிறார்கள். புதுசு, இலவசம், பணம் மூன்றும் போச்சு. மிச்சம் இருப்பது உண்மை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு நாலு சொல்லில் ஒரு விரலை நிறுத்த வேண்டும். இந்த வேலையைச் செய்பவர்களுக்கு ஏதாவது விருது கொடுக்கலாம் என்பது என் கட்சி.

படத்தை மாற்ற வேண்டுமா? திரும்ப கமிட்டிக்கு. ஒரு வாசகம் எடுபடவில்லை, இன்னொன்று போட்டுப் பார்க்கலாமா? அதுவும் முன்கூட்டியே அனுமதி வாங்கிய பட்டியலில் இருக்க வேண்டும். அதனால் கைதேர்ந்த குழுக்கள் ஆரம்பத்திலேயே ஏகப்பட்ட வாசகங்களையும் படங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பி வைத்துவிடுகின்றன. எது ஓடுகிறதோ அதை ஓட்டிக்கொள்ளலாம் பாருங்கள்.

விளம்பரத்துக்குக் கீழே கமென்ட் போடும் இடத்தைச் சில குழுக்கள் மூடியே வைப்பதுண்டு. திட்டுவார்கள் என்ற பயத்தால் என்று நினைத்தேன், காரணம் வேறு. மருந்துச் சோதனையில் யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்கு டம்மி மாத்திரை என்பது யாருக்கும் தெரியக் கூடாது. ஒருத்தர் வந்து ‘எனக்கு இந்த மாத்திரை போட்டதும் நாக்கு கசந்தது’ என்று எழுத, அடுத்தவர் ‘எனக்குக் கசக்கவே இல்லையே’ என்று பதில் போட்டால், கோடிக்கணக்கில் செலவழித்த ரகசியம் ரெண்டே வரியில் அம்பலம்!

இன்னொரு பெரிய திருப்பம் 2022 ஜனவரியில் வந்தது. அதுவரை ஃபேஸ்புக்கில் உடல்நலம் சார்ந்த ஆர்வங்களைக் குறிவைத்து விளம்பரம் கொடுக்க முடிந்தது: நுரையீரல் புற்றுநோய் விழிப்புணர்வு, உலக நீரிழிவு நாள், கீமோதெரபி என்றெல்லாம் தலைப்புகள். அதையெல்லாம் மெட்டா எடுத்துவிட்டது. நியாயம்தான். என் நோய் என்னவென்று ஒரு விளம்பரதாரருக்கு எதற்குத் தெரிய வேண்டும்? ஆனால் ஆய்வுக்காரர்கள் பாடு திண்டாட்டம். வயது, ஊர் என்று பொதுவாக வலை வீசிவிட்டு, ‘மூன்று மாதமாக மூச்சிரைப்பா?’ என்று முதல் வரியிலேயே கேட்டு, சம்பந்தப்பட்டவர் மட்டும் தானாக நிற்கும்படி எழுத வேண்டியதாயிற்று. எழுத்தின் மவுசு கூடியது என்று ஒரு எழுத்தாளன் சந்தோஷப்படக் கூடாதா என்ன?

ஃபேஸ்புக்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்தும் ‘ரிசர்ச்மேட்ச்’ அப்படியே நம்ம மேட்ரிமோனி சைட் மாதிரி. தன்னார்வலர் தன் வயது, உடல்நிலை, சாப்பிடும் மருந்து எல்லாம் போட்டுப் பதிந்துகொள்கிறார். ஆராய்ச்சியாளர் தேடினால் விவரம் தெரியும், பெயர் தெரியாது. பிடித்திருந்தால் கமிட்டி ஒப்புக்கொண்ட ஒரு கடிதத்தைத் தளத்தின் வழியாக அனுப்பலாம். இந்தப் பக்கம் ‘சரி’ என்று தட்டினால்தான் போன் நம்பர் கைமாறும். ‘வேண்டாம்’ என்றால் கேட்டவருக்கு யார் மறுத்தார் என்றுகூடத் தெரியாது. தரகர் இல்லை, ஜாதகம் மட்டும் உண்டு. அந்த ஜாதகத்தில் கிரகத்துக்குப் பதில் கொலஸ்ட்ரால்.

சரி, ஆள் வந்துவிட்டார். இனி ஒப்புதல் படிவம். ஆஸ்பத்திரியில் இருபது பக்கம் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ‘இங்கே சார்’ என்பார்களே, அது. போனில் இருபது பக்கத்தை யார் படிப்பார்கள்? பார்க்கின்சன் ஆய்வுக்கான ‘எம்பவர்’ ஆப்பைச் செய்த சேஜ் பயோநெட்வொர்க்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, இதற்கு மண்டையை உடைத்துக்கொண்டது. ஒரு திரைக்கு ஒரு விஷயம், ஒரு படம், இரண்டு வரி. மேலும் தெரிய வேண்டுமானால் தட்டிப் பார்க்கலாம். எல்லாம் முடிந்ததும், ஆஹா, ஒரு பரீட்சை! இந்த ஆய்வு உங்களுக்கு வைத்தியம் பார்க்குமா, இஷ்டப்பட்டபோது விலகலாமா என்ற ரீதியில் கேள்விகள். பாஸானால்தான் கையெழுத்துப் போட விடுவார்கள். கல்யாணப் பத்திரத்துக்கோ வீட்டுக்கடன் பத்திரத்துக்கோ இப்படி ஒரு பரீட்சை வைத்தால் எத்தனை பேர் தேறுவோம்?

அடுத்து வந்த கேள்விதான் இன்னும் சுவாரசியம். ‘உங்கள் தகவலை இந்தக் குழு மட்டும் பார்க்கலாமா, உலகமெங்கும் தகுதியுள்ள ஆய்வாளர்கள் பார்க்கலாமா?’ முன்கூட்டியே டிக் போட்டு வைக்கவில்லை. தானாகத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ‘உலகத்துக்கே கொடுங்கள்’ என்றார்கள். அப்புறம்தான் வேலை: திரையில் இரண்டு புள்ளிகளை இரு விரலால் மாறி மாறித் தட்டணும், மைக்கில் ‘ஆ...’ என்று பத்து விநாடி இழுக்கணும். போனைப் பையில் போட்டுக்கொண்டு நேர்கோட்டில் இருபது அடி எடுத்து வைத்து நடக்கணும். கைநடுக்கமும் குரல்நடுக்கமும் வீட்டுக்கூடத்திலிருந்தே ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

இவ்வளவு நல்ல மனிதர்கள் நடுவில் வில்லன் இல்லாமல் இருக்குமா? இருக்கிறான். அவன் மனிதனே இல்லை. ‘கேள்வித்தாளை நிரப்பினால் கிஃப்ட் கார்டு’ என்று எங்கேயாவது போட்டால் போதும், பாட் எனப்படும் தானியங்கி நிரல்கள் நள்ளிரவில் படையெடுத்து வந்துவிடும். ஒரே நிமிஷத்தில் வரிசையாக விண்ணப்பங்கள், எல்லாம் ஒரே இணைய முகவரியிலிருந்து, எல்லோருக்கும் அதே அரிய நோய். இவற்றைப் பிடிக்க வைக்கும் பொறி ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: படிவத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேள்வியை ஒளித்து வைத்துவிடுவார்கள். நீங்களும் நானும் அதைப் பார்க்கவே முடியாது, அதனால் பதில் சொல்ல மாட்டோம். பாட் மட்டும் நிரல் முழுவதையும் படிப்பதால், சமர்த்தாக அதற்கும் பதில் எழுதி மாட்டிக்கொள்ளும். அதிக ஒழுங்காகப் படிவம் நிரப்பியதற்காகத் தண்டனை!

இப்போது கொஞ்சம் லண்டனுக்குப் போவோம். 2020 மார்ச் 24, பிரிட்டனில் ஊரடங்கு அறிவித்ததற்கு மறுநாள். கிங்ஸ் காலேஜில் டிம் ஸ்பெக்டர் என்ற பேராசிரியர் 1990-களிலிருந்து ஆயிரக்கணக்கான இரட்டையர்களை வைத்து ஆராய்ச்சி செய்துவந்தவர். உணவைப் பற்றி ஆராயும் ‘ஸோ’ என்ற நிறுவனத்தோடும் அவருக்குத் தொடர்பு. ஆய்வகங்கள் மூடியாச்சு, என்ன செய்வது? சில நாட்களிலேயே ஒரு கோவிட் ஆப்பைத் தட்டிக்கொட்டி அன்று வெளியிட்டார்கள். கேள்வி எளிதோ எளிது: இன்று உடம்பு எப்போதும்போல் இருக்கிறதா, ஏதாவது சரியில்லையா? எப்போதும்போல் என்றால் ஒரே தட்டில் முடிந்தது. ஒரு நிமிஷ வேலை. இரண்டே நாளில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு நாற்பது லட்சத்துக்கும் மேல். வீட்டில் அடைபட்டு, எதையாவது செய்யத் துடித்துக்கொண்டிருந்த ஒரு தேசத்துக்கு, செய்வதற்கு ஒரு நிமிஷ வேலை கிடைத்தது. உடம்பு நன்றாக இருப்பவர்களும் தினமும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்னதுதான் இதன் உயிர்நாடி. அது இல்லாமல் நோயாளிகளை யாரோடு ஒப்பிடுவது?

அந்தக் குவியலிலிருந்து எட்டிப் பார்த்தது ஒரு விநோதம். வாசனை தெரியவில்லை, ருசி தெரியவில்லை என்று ஏகப்பட்ட பேர். பரிசோதனை செய்துகொண்டவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். கோவிட் உறுதியானவர்களில் 65 சதவீதம் பேர் வாசனையோ ருசியோ போனதாகச் சொல்லியிருந்தார்கள். இல்லை என்று வந்தவர்களில் சுமார் 22 சதவீதம்தான். காய்ச்சலும் இருமலும்தான் அறிகுறி என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. 2020 மே 11-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் கட்டுரை வெளியானது. மே 18-ல் பிரிட்டிஷ் அரசு வாசனை இழப்பை அதிகாரபூர்வ அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. காப்பி மணக்கவில்லையே என்று லட்சம் சமையலறைகளில் முணுமுணுத்தது, இரண்டு மாதத்துக்குள் அரசாங்க அறிவிப்பு. இதைப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

ஸோ செய்த இன்னொரு புத்திசாலித்தனம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. உங்கள் வட்டாரத்தில் இன்று எத்தனை பேருக்கு இருக்கலாம் என்ற மதிப்பீட்டு வரைபடம் ஆப்பிலேயே வந்தது. நான் தட்டிய தட்டு எங்கே போனது என்று நானே பார்க்கலாம். ஆய்வுக்கு வந்தவர்களுக்கு முடிவைச் சொல்லாமலே விட்டுவிடும் பழைய வழக்கத்துக்கு இது எவ்வளவோ மேல்.

இனி திரைச்சீலையின் கிழிந்த பக்கம். அதையும் பார்க்காமல் போனால் எப்படி?

ஆரம்பத்தில் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆப்புக்கே திரும்பினால், 2015 அக்டோபர் வரை 48,968 பேர் ஒப்புதல் கொடுத்தார்கள். அவர்களில் 82 சதவீதம் ஆண்கள். வயதின் நடுப்புள்ளி 36. இதய ஆய்வுக்கு, இதயம் இன்னும் ஒழுங்காகத் துடிக்கும் இளவட்டங்கள் வந்து குவிந்துவிட்டார்கள்! 2015-ல் ஐபோன் வைத்திருந்து, ஆப்பிள் நிகழ்ச்சியையும் உட்கார்ந்து பார்த்தவர்கள் வேறு யாராக இருப்பார்கள்? ஏழு நாள் போனைக் கூடவே வைத்து நடமாட்டத்தைப் பதியச் சொன்னார்கள். ஏழு நாளும் முடித்தவர்கள் 4,552 பேர். கடைசியில் வைத்த ஆறு நிமிஷ நடைச் சோதனையை முடித்தவர்கள் 4,990. பத்தில் ஒருவர்.

ஆப்பிள் வாட்ச் ஆய்வு இன்னும் பிரமாண்டம். 2017 நவம்பரில் தொடங்கி எட்டு மாதத்தில் 4,19,297 பேர். சீரற்ற நாடித் துடிப்பு என்று கைக்கடிகாரம் எச்சரித்தது 2,161 பேரை. அவர்கள் காணொலியில் டாக்டரிடம் பேச வேண்டும். அப்புறம் வீட்டுக்குத் தபாலில் ஒரு ஈ.சி.ஜி. பட்டை வரும், அதை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருந்து, திருப்பி அனுப்ப வேண்டும். ஆராயத்தக்க நிலையில் திரும்பி வந்த பட்டைகள் 450. ‘உங்கள் இதயத்தில் ஏதோ தப்பு இருக்கலாம்’ என்று சொல்லியும் இவ்வளவுதான்! அந்த 450-ல் 34 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உண்மையாகவே இருந்தது.

ஏன் போய்விடுகிறார்கள்? 2020-ல் ஒரு குழு, போன் வழியாக நடந்த எட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 1,09,914 பேர். அவர்கள் தங்கியதன் நடுப்புள்ளி ஐந்தரை நாள். ஐந்தரை! திங்கள்கிழமை காலையில் ‘அறிவியலுக்காக நானும்’ என்று சேர்ந்தவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமை இரவுக்குள் ஆப்பை மறந்தாயிற்று. யார் தங்கினார்கள் என்றும் அலசினார்கள். வயதில் மூத்தவர்கள் நாலு நாள் கூடுதலாக. ஆராயும் நோய் தனக்கே இருந்தவர்கள் ஏழு நாள் கூடுதலாக. பணம் கொடுத்தபோது 22 நாள் கூடுதலாக. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வேறொன்று: தன்னைப் பார்க்கும் மருத்துவரே ‘இதில் சேருங்களேன்’ என்று சொல்லி வந்தவர்கள், 40 நாள் கூடுதலாக.

அல்காரிதம், கலர் பட்டன், நோட்டிஃபிகேஷன் மணி எல்லாம் ஒரு பக்கம். தெரிந்த டாக்டரின் ஒரு வார்த்தை மறுபக்கம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஆன்லைனில் பதிந்தவரைத் தெரியாத நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுக்கவே மாட்டார் என்பது ஆய்வு ஒருங்கிணைப்பாளர்களின் தினசரிப் புலம்பல். அதனால் முதலில் ‘நாளை காலை இந்த நம்பரிலிருந்து நான் பேசுவேன்’ என்று பெயரோடு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு, அப்புறம் கூப்பிடுகிறார்கள். நவீனக் கருவியெல்லாம் வாசல்வரை கூட்டி வருகிறது. உள்ளே உட்கார வைக்க ஒரு குரல் வேண்டியிருக்கிறது.

அந்தக் குரல் நோயாளியினுடையதாகவே இருந்தால்? ஆஞ்சியோசார்கோமா என்று ஒரு அரிய புற்றுநோய். அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 300 பேருக்குத்தான் வரும். நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் இவர்களை எந்த ஆஸ்பத்திரி ஒரே இடத்தில் திரட்டும்? காரி பெயின்ட்டர் என்ற விஞ்ஞானிக்கு 2010-ல் இந்த நோய் வந்தது. தன்னைப்போன்றவர்களை ஃபேஸ்புக்கில் தேடிப் பிடித்தார். பிறகு பாஸ்டன் பக்கத்திலுள்ள பிராட் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, 2017-ல் ஆஞ்சியோசார்கோமா திட்டத்தைத் தொடங்கினார். இணையத்தில் பதிந்தால் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி வரும். உள்ளே எச்சில் துப்ப ஒரு குழாய். துப்பி, மூடி, தபாலில் போட வேண்டியதுதான். கேள்விகளும் வாசகங்களும் நோயாளிகளோடு உட்கார்ந்து எழுதப்பட்டவை. எது புண்படுத்தும், எது நம்பிக்கை தரும் என்று அவர்களுக்குத்தானே தெரியும்? 18 மாதத்தில் 338 பேர் பதிந்தார்கள். ஒரு வருஷத்தில் அந்த நாட்டில் புதிதாக நோய் வருபவர்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதல்!

இங்கேதான் பின்மேடையின் உச்சகட்ட நகைச்சுவை. ஃபேஸ்புக், இணையப் பதிவு, மின்னணுக் கையெழுத்து எல்லாம் முடிந்து, நோயாளியின் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆஸ்பத்திரிகளிடம் கேட்க வேண்டும். எப்படி? ஃபேக்ஸ் அனுப்பி! மரபணு வரிசையைப் படிக்கும் உலகத்தரமான ஆய்வகம், ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. ஆஸ்பத்திரிகளும் தத்தம் வேகத்தில் தபாலிலும் ஃபேக்ஸிலும் காகிதங்களை அனுப்பி வைத்தன.

36 பேரின் 47 கட்டி மாதிரிகளைப் படித்ததில், தலை, முகம், கழுத்துப் பகுதியில் வந்த கட்டிகளில் மரபணு மாற்றங்கள் எக்கச்சக்கமாக இருந்தன. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் உண்டாகும் தழும்பு அவற்றில் தெரிந்தது. இத்தனை மாற்றம் உள்ள கட்டியை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அடையாளம் கண்டுகொள்ளக்கூடும், அப்படியானால் இம்யூனோதெரபி மருந்து வேலை செய்யுமோ? ஆவலோடு அந்தக் காகிதக் கட்டுகளைப் புரட்டினார்கள். அதே வகைக் கட்டி உள்ள இரண்டு பேருக்கு, வேறெந்த மருந்தும் கேட்காத நிலையில், அவர்களுடைய டாக்டர்கள் அந்த ரக மருந்தை ஏற்கெனவே கொடுத்துப் பார்த்திருந்தார்கள். இரண்டு பேருமே நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்குத் தேறியிருந்தார்கள். தகவலைப் பெயர் நீக்கி, கட்டுரை வெளிவரும் முன்பே இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். 2020-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் முழு விவரமும் வந்தபோது, அதை எழுதியவர்கள் பட்டியலில் காரி பெயின்ட்டரின் பெயர் முதலில் இருந்தது.